பேய்ப் படங்களில் அண்ணனை மிஞ்சிய தம்பி உண்டா?

இரண்டாம் பாகம், முன்கதை, ரீமேக் என்று வருகிற திகில் படங்களில் ஏதாவது ஒன்று மூலப் படத்தை மிஞ்சியிருக்கிறதா, இல்லை எல்லாமே கல்லா கட்டுகிற வேலைதானா என்பது கேள்வி. மிஞ்சியவை இருக்கின்றன. ஆனால் மூன்று வகைக்கும் ஒரே பதில் கிடையாது. ரீமேக்குகள்தான் அதிகம் ஜெயித்திருக்கின்றன. இரண்டாம் பாகங்கள் பெரும்பாலும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. முன்கதைகள் ரொம்ப நாள் அடி வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, கடந்த பத்து வருடத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கின்றன. கீழே பல படங்களின் முடிவைப் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் படத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சண்டைப் படத்துக்கோ நகைச்சுவைப் படத்துக்கோ இல்லாத ஒரு சிக்கல் பேய்ப் படத்துக்கு உண்டு. நமக்கு என்னவெல்லாம் தெரியவில்லையோ அதுதான் அங்கே மூலதனம். கதவுக்குப் பின்னால் என்ன, இவர்களில் யார், அது ஏன் துரத்துகிறது. முதல் படம் முடியும்போது அதில் பாதி செலவாகியிருக்கும். அடுத்து வருகிறவர் மிச்சத்தையும் எடுத்துச் செலவழிப்பார்: பேய்க்கு அம்மா யார், எந்த ஊர், சின்ன வயதில் அதற்கு என்ன கொடுமை நடந்தது என்றெல்லாம். விளக்கம் ஏற ஏற பயம் இறங்கும். எனக்குத் தெரிந்து மூலத்தைத் தாண்டிய படங்கள் எல்லாமே, அண்ணன் சொல்லிவைத்த பதில்களில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டவை. அதனால் ஒரு ரீமேக்கையோ இரண்டாம் பாகத்தையோ பார்க்கும்போது புதிதாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நான் தேடுவதில்லை, எதை விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

ரீமேக்கில் எனக்கு முதலிடம் ஜான் கார்பென்டர் 1982 இல் எடுத்த ‘தி திங்’. 1951 இல் ஹாவர்டு ஹாக்ஸ் தயாரிப்பில் வந்த ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு’ படத்தின் ரீமேக் என்று சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938 இல் எழுதிய ஒரு குறுநாவல். பனிப் பிரதேசத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழு, பனிக்குள் உறைந்து கிடக்கும் வேற்றுக்கிரக உயிரைக் கண்டெடுக்கிறது; அது உருகி எழுந்துவிடுகிறது. நாவலில் அந்த உயிருக்கு ஒரு குணம் உண்டு. யாரை விழுங்குகிறதோ, அச்சு அசல் அவராகவே மாறிவிடும். 1951 படக்காரர்கள் அந்தக் குணத்தை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஜந்து ரத்தம் குடிக்கிற, தாவர வகையைச் சேர்ந்த ஒரு நெட்டை உருவம். படத்திலேயே ஒரு பாத்திரம் அதைக் கேரட் என்று கிண்டலடிக்கும். மட்டமான படம் என்று ஒதுக்கிவிட முடியாது. வசனங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விறுவிறுப்பாக ஓடும், ஆட்கள் ஒற்றுமையாக நின்று எதிரியை அடிப்பார்கள். ஆனால் எதிரி யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கார்பென்டர் அந்தப் படத்தின் பரம ரசிகர். அவருடைய ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் குழந்தைகள் டிவியில் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். அப்படிப்பட்டவர் தன் கைக்கு ரீமேக் வந்தபோது, அபிமானத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரே நாவலுக்குப் போனார். அண்டார்டிகா முகாம், பன்னிரண்டு ஆண்கள், வெளியே போக வழியில்லை. இவர்களில் யார் மனிதன், யார் அது?

ரத்தப் பரிசோதனைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் ஓட்டி மக்ரெடி மற்றவர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் எடுத்துவைக்கிறார். பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தால் மனித ரத்தம் சும்மா பொசுங்கும். அதனுடைய ரத்தமாக இருந்தால் தப்பிக்கப் பார்க்கும். ஒன்று பொசுங்குகிறது, இன்னொன்று பொசுங்குகிறது. நமக்கும் அவருக்கும் சந்தேகம் முகாம் தலைவர் கேரி மேல். அவரோ இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று திட்டுகிறார். உன்னைக் கடைசியில் கவனிக்கிறேன் என்று பதில் சொல்லியபடியே, கையிலிருக்கும் தட்டில் பாதிக் கவனத்தோடு கம்பியை வைக்கிறார் மக்ரெடி. அது வேறொருவருடைய ரத்தம். கிறீச்சிட்டுக்கொண்டு தட்டிலிருந்து எகிறுகிறது. முன்னறிவிப்பாக ஒன்றுமே கிடையாது. நம் கண் கேரி மேல் இருந்த நேரத்தில் நடந்துவிடுகிறது. இந்தக் காட்சியின் விதை நாவலிலேயே இருந்தது. 1951 இல் அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் படத்தில் கண்டுபிடிக்க வேண்டிய ஆளே இல்லை.

படம் வந்தபோது ஊற்றிக்கொண்டது. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வெளியாகி இரண்டே வாரம்; சாதுவான வேற்றுக்கிரகக் குட்டியைப் பார்த்து ஊரே உருகிக்கொண்டிருந்த நேரத்தில், நாயின் முகம் பூப்போலப் பிளந்து விரிவதை யார் பார்ப்பார்கள்? விமர்சகர்களும் அருவருப்பு என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த உருவங்களையெல்லாம் ரப்பரிலும் பசையிலும் செய்துகொடுத்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபத்திச் சொச்சம் வயது. வீடியோ கேசட்டிலும் டிவியிலும்தான் படம் மெல்ல மெல்லப் பிழைத்து எழுந்தது. எனவே வெளியான வாரத்து வசூலை வைத்து மிஞ்சியதா இல்லையா என்று முடிவு செய்கிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இதே படத்துக்கு 2011 இல் ஒரு முன்கதை வந்தது. அதற்கும் பெயர் ‘தி திங்’தான், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும். 1982 படத்தில் அமெரிக்கர்கள் போய்ப் பார்க்கும் நாசமான நார்வே முகாமில் அதற்கு முன் என்ன நடந்தது என்பது கதை. எடுத்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. பழைய படத்தில் அந்த முகாமில் பதிந்து நிற்கும் ஒரு கோடரி அங்கே எப்படி வந்தது என்பதுவரை கணக்கு ஒப்பித்திருக்கிறார்கள். அந்த அக்கறைதான் வினையானது. 1982 இல் மக்ரெடி டார்ச்சோடு அந்த முகாமுக்குள் நுழையும்போது, உறைந்த ரத்தமும் பாதி எரிந்த உடலுமாக, இங்கே என்னதான் நடந்திருக்கும் என்று நம் மனம் படம் போட்டுக்கொள்ளும். அந்தப் படத்தை 2011 ஆல் மிஞ்ச முடியவில்லை. போதாக்குறைக்கு, படப்பிடிப்பில் கையால் செய்து பயன்படுத்திய உருவங்களின் மேலேயே பிற்பாடு கணினி வரைகலையைப் பூசிவிட்டார்கள். ஒரே ஒரு நல்ல யோசனை மட்டும் அதில் உண்டு: அந்த உயிரால் உலோகத்தை நகலெடுக்க முடியாது, ஆகவே வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லடைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சொத்தைப் பல் இல்லாதவன் பாடு திண்டாட்டம். அந்த ஒரு காட்சிக்காக ஒரு தடவை பார்க்கலாம்.

டேவிட் குரோனன்பர்க்கின் ‘தி ஃப்ளை’ (1986) இதே சாதி. 1958 மூலப் படத்தில் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் கருவிக்குள் விஞ்ஞானி போகிறார், கூடவே ஒரு ஈ. வெளியே வரும்போதே தலையும் ஒரு கையும் ஈயினுடையவை. துணியைப் போட்டுத் தலையை மூடிக்கொண்டு நடமாடுவார். துணி விலகும் நொடிதான் படத்தின் அதிர்ச்சி, அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. குரோனன்பர்க் அந்த நொடியைத் தூக்கி எறிந்துவிட்டு மாற்றத்தைப் படம் முழுக்க இழுத்தார். முதலில் உடம்பில் புது பலம், அப்புறம் முதுகில் முரட்டு முடி, அப்புறம் நகம் கழன்று வருகிறது. உதிர்ந்த உறுப்புகளை அந்த ஆள் குளியலறை மருந்து அலமாரியில் சேர்த்துவைப்பார். தீராத நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி உறைக்கும். ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஜெஃப் கோல்ட்பிளமின் நடிப்புக்கும் கொடுத்திருக்கலாம்.

இந்த இரண்டு மூலங்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: நல்ல கரு, அரைகுறையாகப் பயன்பட்டது. ரீமேக் எடுக்க ஏற்ற சரக்கு இதுதான். முழுமையாக அமைந்துவிட்ட படத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998 ‘சைக்கோ’ சாட்சி. ஹிட்ச்காக்கின் 1960 படத்தைக் கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட், வசனத்துக்கு வசனம் வண்ணத்தில் திரும்ப எடுத்தார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது. ஒரு பரிசோதனை என்ற அளவில் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு, இரண்டாவது முறை உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ரீமேக் மூலத்தை மிஞ்சுமா என்று தென்னிந்தியாவில் யாராவது வாயைத் திறந்தால் பேச்சு ‘மணிச்சித்திரத்தாழ்’, ‘சந்திரமுகி’ சண்டையில்தான் போய் முடியும். மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கி 1993 இல் வந்த மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதைப் பி. வாசு 2004 இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும், 2005 இல் தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் எடுத்தார். 2007 இல் பிரியதர்ஷன் இந்திக்கு ‘பூல் புலையா’வாகக் கொண்டுபோனார்.

இந்தக் கதையில் பயமுறுத்துவது எது? சலங்கைச் சத்தமும் பூட்டிய அறையும் எல்லாப் பேய்ப் படத்திலும் உண்டு. நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று வேறு மொழியில் பேச ஆரம்பிக்கிற இடம்தான் குலை நடுங்க வைப்பது. மூலத்தில் ஆவியாகச் சொல்லப்படும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நடனக்காரி. கேரளத்து மருமகள் கங்கா, நகை வாங்கப் போகவேண்டாம் என்று கணவன் தடுத்ததும் கண் மாறி, குரல் மாறி, தமிழில் சீறுவாள். மலையாளிக்குத் தமிழ் பாதி புரியும், பாதி புரியாது. பக்கத்து வீட்டு மொழி அந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்கிறது. அதைத் தமிழில் அப்படியே எடுத்தால் காட்சி படுத்துவிடும், தமிழ்ப் பெண் தமிழ் பேசுவதில் என்ன திகில்? கன்னடத்தில் தெலுங்கு நாட்டியக்காரி ஆனாள், தமிழிலும் தெலுங்கு, ‘ரா ரா’ பாட்டு அப்படித்தான் வந்தது. இந்தியில் வங்காளத்து மஞ்சுளிகா. மூலத்தின் மொழியை விட்டுக்கொடுத்து, அந்த மொழி செய்த வேலையைக் காப்பாற்றினார்கள். ரீமேக் செய்கிற எவரும் பாடமாகப் படிக்க வேண்டிய இடம் இது. வாசுவுக்கு இதற்கான பாராட்டு போதுமான அளவு கிடைக்கவில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

பேய்ப் படமாக மட்டும் எடைபோட்டால் மலையாளம்தான் மேல். காரணம் மோகன்லால் வரும் நேரம். டாக்டர் சன்னி ஏறக்குறைய பாதிப் படம் ஓடிய பிறகுதான் திரையில் தலைகாட்டுவார். அதுவரை வீட்டிலிருக்கும் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் சுற்றி வரும், பாவம் அந்த வீட்டுப் பெண் ஸ்ரீதேவி மேல் கொஞ்சம் கூடுதலாக. காப்பாற்ற ஆள் இருக்கிறார் என்ற நிம்மதி நமக்கு இருக்காது. தமிழில் ரஜினிகாந்த் முதல் சண்டையிலேயே வந்துவிடுகிறார். தலைவர் இருக்கும் வீட்டில் எந்தப் பேய் என்ன செய்துவிட முடியும்? அந்த நிமிடமே திகில் பாதி இறங்கிவிடுகிறது. வாசுவுக்கும் இது தெரிந்திருக்கும்; அந்தக் குறையை ஈடுகட்ட வடிவேலுவையும் ‘லக லக லக’ வேட்டையனையும் இறக்கினார். மூலத்தில் கங்காவின் வெறிக்கு இலக்கு அவள் கணவன் நகுலன். தமிழில் டாக்டரே வேட்டையன் வேடம் போட்டு அந்த இடத்தில் போய் நிற்கிறார். நட்சத்திரத்துக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் தியேட்டரில் அது வேலை செய்த விதத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். கட்டிலை ஜோதிகா தூக்கி நிற்கிற காட்சியில் பிரபு சொல்லும் ‘என்ன கொடுமை சரவணன் இது’ இன்றுவரை மீமில் ஓடிக்கொண்டிருக்கிறது. பயப்பட வேண்டிய கட்டத்தில் பிறந்த வசனம் கடைசியில் காமெடிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாளைத் தாண்டி ஓடியது. திருவிழாப் படம் என்ற வகையில் ‘சந்திரமுகி’ மிஞ்சியது, திகில் படம் என்ற வகையில் மிஞ்சவில்லை. ஷோபனாவா ஜோதிகாவா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை.

இந்தக் கதைக்கு எடுத்த தொடர்ச்சிகள்தான் பரிதாபம். நோய், பேய் என்ற இரண்டு விளக்கத்துக்கும் இடையில் நம்மை ஊசலாட வைத்து, மனநல மருத்துவர் வாயால் நோய் என்று முடித்ததுதான் மூலத்தின் கம்பீரம். 2023 இல் வந்த ‘சந்திரமுகி 2’ அதே இயக்குநர் கையால், நிஜமாகவே ஆவி உண்டு என்று சொல்லிவிட்டது. வேட்டையனுக்கும் ஒரு ஆவி. ஊசலாட்டம் போனதும் அது இன்னொரு பேய் வீட்டுப் படம் ஆகிவிட்டது. இந்தியில் ‘பூல் புலையா 2’ (2022) இதே தவறைச் செய்தும் வசூலில் பிய்த்துக்கொண்டு போனது, ஏனென்றால் அவர்கள் முதல் படத்தின் நிழலில் நிற்கவே முயலவில்லை. பெயரையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு முழுக்க வேறு கதைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தந்திரம் புரிகிறது.

தமிழில் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைத் தெளிவாகத் தாண்டியது என்றால் அது ‘காஞ்சனா’ (2011). ராகவா லாரன்ஸின் ‘முனி’யை (2007) இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? இரண்டிலும் சட்டகம் ஒன்றுதான்: பயந்தாங்கொள்ளி நாயகன் உடம்பில் ஆவி புகுந்து பழிவாங்கும். ‘காஞ்சனா’வில் ஆவியின் கதைக்குக் கனம் கூடியது. திருநங்கையாகச் சரத்குமார் வரும் அந்தப் பின்கதை கொஞ்ச நேரம்தான், ஆனாலும் அதுவரை கோவை சரளாவும் தேவதர்ஷினியும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிப்போகும். அடுத்தடுத்த பாகங்களில் சட்டகம் மட்டும் மிஞ்சியது. 2020 இல் அக்‌ஷய் குமாரை வைத்து லாரன்ஸே இந்தியில் ‘லக்ஷ்மி’யாக எடுத்தபோது அதுவும் கைகொடுக்கவில்லை. ‘டிமான்டி காலனி 2’ (2024) வேறு ரகம். கதைப் பின்னலில் முதல் படத்தைவிடக் கெட்டிக்காரத்தனம் அதிகம். ஆனால் நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்து வைத்துச் செய்த 2015 படத்தின் மூச்சுமுட்டல் அதில் இல்லை.

மூலத்தை எடுத்தவரே ரீமேக்கும் எடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஜார்ஜ் ஸ்லாய்சர் என்ற டச்சு இயக்குநரின் கதையைச் சொன்னால் போதும். 1988 இல் அவர் எடுத்த ‘ஸ்பூர்லோஸ்’ படத்தில், காணாமல் போன காதலிக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அலைகிற ஒருவன் கடைசியில் தெரிந்துகொள்வான், மண்ணுக்கடியில் சவப்பெட்டிக்குள் கண்விழித்து. அதையே அவர் ஹாலிவுட்டில் 1993 இல் திரும்ப எடுத்தபோது நாயகனைத் தோண்டி வெளியே எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அப்புறம் அந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஜப்பானிய ‘ரிங்கு’ (1998), ஹாலிவுட் ‘தி ரிங்’ (2002) விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு வீடியோ கேசட், பார்த்தவர்கள் ஏழு நாளில் சாவார்கள். கோர் வெர்பின்ஸ்கியின் ரீமேக் உலகம் முழுக்கச் சுமார் 25 கோடி டாலர் வசூலித்து, ஜப்பானியப் பேய்ப் படங்களை வாங்கி ரீமேக் செய்யும் ஒரு அலையையே கிளப்பியது. நேர்த்தியான படம். கப்பலில் குதிரை மிரண்டு ஓடும் காட்சி மூலத்தில் இல்லாதது, பிரமாதம். ஆனாலும் என் ஓட்டு ‘ரிங்கு’வை எடுத்த ஹிடியோ நகாடாவுக்கு. சபிக்கப்பட்ட அந்த வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் வீடியோவில் வரும் ஏணி, மரம், கலங்கரை விளக்கம் எல்லாம் பின்னால் துப்பாகத் திரும்பி வந்து கணக்கு நேராகும். ஜப்பானிய வீடியோவில் தலையில் துணி போர்த்திய ஒருவன் எங்கோ கைநீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பான். யார் அவன், எதைக் காட்டுகிறான்? படம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அவன் நின்றுகொண்டிருப்பான். டிவிக்குள்ளிருந்து பேயான சடாகோ வெளியே வரும் காட்சியில் அந்த நடை ஏன் மனித நடையாகத் தெரியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கபுகி நாடகப் பயிற்சி பெற்ற ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். காசு செலவில்லாத தந்திரம், நாலு வருடம் கழித்து வந்த ஹாலிவுட் தொழில்நுட்பத்தால் அதை அசைக்க முடியவில்லை.

‘ரிங்கு’வுக்கு இன்னொரு வினோதமும் உண்டு. அதன் இரண்டாம் பாகம் ‘ரசேன்’ அதே நாளில் சேர்த்தே வெளியிடப்பட்டது. சாபத்துக்கு மருத்துவ ரீதியாக, வைரஸ், மரபணு என்றெல்லாம் அதில் விளக்கம் வரும். முதல் படத்தைக் கொண்டாடிய அதே ஜனம் இதைச் சீண்டவில்லை. தயாரிப்பாளர்கள் அப்படியொரு படமே வரவில்லை என்பதுபோல அடுத்த வருடம் நகாடாவையே வைத்து ‘ரிங்கு 2’ எடுத்தார்கள். ‘ஹாலோவீன்’ தொடரும் இதே கிணற்றில் விழுந்தது. முதல் படத்தில் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் ஏன் நாயகியைத் துரத்துகிறான் என்பதற்குக் காரணமே கிடையாது. 1981 இரண்டாம் பாகம் அவள் அவனுடைய தங்கை என்று ஒரு காரணத்தைக் கொடுத்தது. 2007 ரீமேக் அவனுடைய குழந்தைப் பருவத்தையே பாதிப் படத்துக்குக் காட்டியது. 2018 இல் புதிதாக ஆரம்பித்தவர்கள் செய்த முதல் வேலை, அந்தத் தங்கை உறவைக் கட்டுக்கதை என்று ஒரு வசனத்தில் தள்ளிவிட்டதுதான்.

ஹாலிவுட் இரண்டாம் பாகங்களில் மிஞ்சியவை என்று நான் அடித்துச் சொல்லக்கூடியவை சிலதான். மிகப் பழையது ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1935). ஜேம்ஸ் வேலுக்கு இரண்டாம் பாகம் எடுக்க இஷ்டமே இல்லை. கடைசியில் தன் இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் இறங்கினார். 1931 படத்தில் உறுமிக்கொண்டிருந்த ராட்சசனை இதில் பேசவைத்தார். போரிஸ் கார்லோஃபே அதற்கு எதிர்ப்பு. கண் தெரியாத கிழவர் ஒருவர் அவனுக்கு ரொட்டியும் சுருட்டும் கொடுத்து, நண்பன் என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு முதல் படத்துக்குப் போனால் அது கொஞ்சம் வெறுமையாகத்தான் தெரியும். தலைப்பில் இருக்கும் மணமகள் கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் வருவாள். வந்ததும் அவனைப் பார்த்து அலறுவாள். ஜார்ஜ் ரொமேரோவின் ‘டான் ஆஃப் த டெட்’ (1978) இன்னொன்று. முதல் படமான ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’டின் ஆளில்லாத பண்ணை வீட்டிலிருந்து பென்சில்வேனியாவின் ஒரு நிஜ ஷாப்பிங் மாலுக்குக் கதையைக் கொண்டுபோனது. கடைகள் மூடிய பிறகு ராத்திரி ராத்திரியாக எடுத்த படம். சாம் ரைமியின் ‘ஈவில் டெட் 2’ (1987) பாதி ரீமேக், பாதி தொடர்ச்சி, முழுக்க ரகளை. ‘ஏலியன்ஸ்’ எங்கே என்று கேட்பீர்கள். அருமையான படம், ஆனால் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது போர்ப் படம். பயத்துக்கு 1979 ‘ஏலியன்’தான்.

முழுப் படமாக மிஞ்சாமல் ஒரு காட்சியில் மிஞ்சிய படங்களும் உண்டு. ‘தி எக்ஸார்சிஸ்ட் 3’ (1990) அதற்கு உதாரணம். மூல நாவலாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கியது. தயாரிப்பு நிறுவனம் நெருக்கிக் கடைசியில் ஒரு பேயோட்டும் காட்சியைச் சொருகியதில் முடிவு சொதப்பல். ஆனால் நடுவில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி. நீளமான வராந்தா, ராத்திரி, கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. நர்ஸ் எழுந்து ஓர் அறைக்குள் போகிறார், வருகிறார். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் அந்தப் பக்கம் போகிறார். ஒன்றும் நடக்கவில்லை, சலித்துப்போகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் மறுபடி ஓர் அறையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் திரும்பி நடக்க, அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய உருவம் பெரிய கத்தரியை நீட்டிக்கொண்டு வருகிறது. கேமரா சட்டென்று நெருங்கி, காட்சி வெட்டப்படுகிறது. 1973 படத்தில் தலை முழுச்சுற்று சுற்றியபோதுகூட நான் இந்த அளவுக்குத் துள்ளியதில்லை.

கடைசியாக முன்கதைகள். முடிவு தெரிந்த கதையில் என்ன பயம் என்று கேட்பது நியாயம்தான். ‘எக்ஸார்சிஸ்ட்’டுக்கு முன்கதை எடுக்கப் போன நிறுவனம், பால் ஷ்ரேடர் எடுத்து முடித்ததைப் பிடிக்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ரென்னி ஹார்லினை வைத்து அதே கதாநாயகனோடு திரும்ப எடுத்து 2004 இல் வெளியிட்டது. அது ஓடவில்லை என்றதும் 2005 இல் பெட்டியிலிருந்ததையும் வெளியே விட்டது. இரண்டு முறை காசைக் கொட்டியும் ஒன்றுகூடத் தேறவில்லை.

தேறியவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. மூலப் படம் மட்டமாக இருந்த இடத்திலிருந்து! ‘வீஜா’ (2014) விமர்சகர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டிய படம். ஆனால் சின்னச் செலவில் எடுத்து 10 கோடி டாலருக்கு மேல் வசூல், அதனால் அடுத்த பாகம் உறுதியாகிவிட்டது. ‘வீஜா: ஆரிஜின் ஆஃப் ஈவில்’ (2016) என்ற முன்கதையாக அதை மைக் ஃபிளனகன் கையில் கொடுத்தார்கள். மூலத்தில் காப்பாற்ற வேண்டிய பெருமை எதுவும் இல்லாததால் அவர் இஷ்டத்துக்கு 1967 லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், ஆவியோடு பேசுவதாக ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயையும் இரண்டு பெண்களையும் வைத்துக் கதை சொன்னார். அந்தக் காலப் படம்போல, ரீல் மாற்றுவதற்குத் திரையின் மூலையில் வரும் புள்ளியைக்கூட விடவில்லை. ‘அனபெல்’லும் (2014) அதன் முன்கதை ‘அனபெல்: கிரியேஷன்’னும் (2017) இதே கணக்கு.

டை வெஸ்ட்டின் ‘பேர்ல்’ (2022) இன்னும் ஒரு படி மேலே. அதன் மூலமான ‘எக்ஸ்’ மோசமான படம் கிடையாது, அதே வருடம் சில மாதம் முன்னால் வந்தது. அதில் கொலைகாரக் கிழவியாக வந்த பாத்திரத்தின் இளமைக்காலம் இது; 1918, ஊரெல்லாம் காய்ச்சல், பண்ணை வீட்டில் சினிமாக் கனவோடு ஒரு பெண். அவள் எங்கே போய்ச் சேர்வாள் என்று நமக்குத் தெரியும். தெரிந்திருப்பதைத்தான் படம் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறது. நடிகர் தேர்வில் அவள் ஜெயித்துவிட வேண்டுமே என்று நாமே வேண்டிக்கொள்கிறோம், அவள் ஜெயிக்கமாட்டாள் என்று தெரிந்தே. முடிவில், போரிலிருந்து திரும்பி வரும் கணவனைப் பார்த்து மியா கோத் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் சிரிப்பு நிற்காது. கன்னம் நடுங்கும், கண்ணில் நீர் கட்டும், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். விளக்கம் பயத்தைக் குறைக்கும் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு மாதிரித் தெரியலாம். ஆனால் அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்குப் படம் கடைசிவரை ஒரு காரணத்தைச் சொல்வதில்லை, நாலைந்தைக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், ‘தி ஃப்ளை’ 1958, 1986 இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், மூலமும் ரீமேக்கும் எங்கே பிரிகின்றன என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். ‘தி திங்’ பார்ப்பதாக இருந்தால் 1982 முதலில். 2011 ஐ முதலில் பார்த்துவிட்டால் அந்த நாய் பனியில் ஓடிவரும் முதல் காட்சி வீணாகிவிடும்.